எந்த முகத்தோடு ஜெபிப்பது? – வாசகர் கேள்வி பதில்

தேவனுடைய அன்புக்கு நிபந்தனை இல்லை என்று சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வாசகர்களிடமிருந்து பல கடிதங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை, "நம்புகிறேன், ஆனால் ஜெபிக்க உட்காரும்போது அந்த அன்பு எனக்குரியதாகத் தெரியவில்லை" என்னும் வேதனையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்கள் குறைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் ஒரே மகன் சிறுநீரகக் கோளாறினால் நெடுநாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்து, பத்தொன்பது வயதில் இறந்துபோனான். சபையார் சங்கிலி ஜெபம் செய்தார்கள். நானும் உபவாசமிருந்து ஜெபித்தேன். அடக்கம் முடிந்து சில நாட்களில் வீட்டுக்கு வந்த ஓர் ஊழியக்காரர், "முழு விசுவாசத்தோடு கேட்டிருந்தால் பையன் பிழைத்திருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் என்னால் முழங்கால்படியிட முடியவில்லை. தேவன் என்னை நேசிக்கிறார் என்று நான் எப்படி நம்புவது?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா, உங்களிடம் சொல்லப்பட்ட அந்த வார்த்தை சுவிசேஷம் அன்று. அதை யார் சொல்லியிருந்தாலும், எந்த வசனத்தைக் காட்டிச் சொல்லியிருந்தாலும், நீங்கள் அதைச் சுமக்கவேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"நீங்கள் விசுவாசமுள்ளவர்களாய் ஜெபத்திலே எவைகளைக் கேட்பீர்களோ, அவைகளையெல்லாம் பெறுவீர்கள்" என்று ஆண்டவர் சொன்னது உண்மை. ஆனால் அதே ஆண்டவர் கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, "என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று ஒருமுறையல்ல, மூன்றுமுறை கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. விசுவாசம் முழுமையாயிருந்தால் கேட்டது கிடைத்தே தீரும் என்பது விதியானால், இயேசுவின் விசுவாசத்திலேயே குறை இருந்தது என்றல்லவா சொல்லவேண்டியிருக்கும்? பவுலும் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவேண்டுமென்று மூன்றுமுறை வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே வந்தது. பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் பாவஞ்செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு மறுத்தார். துக்கப்படுகிறவர்களுடைய வீட்டில் குற்றவாளியைத் தேடும் பழக்கம் சீஷர்களுக்கும் இருந்தது. ஆண்டவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் மகன் ஏன் இத்தனை இளவயதில் போனான் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் பெத்தானியாவில் நடந்ததை உங்களோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு உடனே வரவில்லை. அவர் வந்தபோது அடக்கமாகி நான்கு நாள் ஆகியிருந்தது. மார்த்தாளும் மரியாளும் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." இது துதி அன்று, குறைகூறல். நீர் வந்திருக்கலாம், வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள். அதற்காக அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. மரியாள் அழுகிறதையும் அவளோடு வந்தவர்கள் அழுகிறதையும் கண்டு ஆவியிலே கலங்கினார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்று யோவான் எழுதுகிறார். சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், அந்த வீட்டாரின் அழுகையைத் தாண்டிக்கொண்டு கல்லறைக்குப் போகாமல், நின்று அழுதார் என்பதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் அவர் அப்படியே வருகிறார்.

ஆகவே இப்போது உங்களால் துதிக்க முடியாவிட்டால் துதிக்கவேண்டாம். சங்கீதப் புத்தகத்தில் துதிப்பாடல்களைப்போலவே புலம்பல்களும் நிறைந்திருக்கின்றன. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். அது நம்பிக்கையின் வார்த்தைக்குத் திரும்பாமலே, இருளிலேயே முடிகிறது; அப்படியிருந்தும் சபை அதை வேதத்திலிருந்து நீக்காமல் தலைமுறை தலைமுறையாக ஜெபித்துவருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற 13ஆம் சங்கீதத்தின் முதல் வரி ஒன்றே ஒரு நாளைக்குப் போதுமான ஜெபம். அதுவும் வராத நாட்களில், சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய, சீலோவின் ஆலயத்தில் அழுதுகொண்டிருந்த அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசாரியனான ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று தவறாக எண்ணினான். கர்த்தர் தவறாக எண்ணவில்லை. நாம் எப்படி வேண்டிக்கொள்வதென்று அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுவது, உங்களைப்போல முழங்கால்படியிட முடியாமற்போனவர்களுக்காகத்தான்.

இது வருகிற ரோமர் 8ஆம் அதிகாரத்தின் முடிவில், தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாதவை எவை என்று பவுல் ஒரு வரிசை சொல்லுகிறார். அந்த வரிசையில் முதலாவது வருவது மரணம். உங்கள் மகனையும் அந்த மரணம் அன்பைவிட்டுப் பிரிக்கவில்லை, உங்களையும் பிரிக்கவில்லை. ஜெபத்தில் அவனுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனுக்காக இனி ஒன்றும் கேட்கவேண்டுமென்பதற்காக அல்ல. உங்களுக்கு அடுத்தபடியாக அவனை நேசித்தவர் என்றல்ல, உங்களுக்கு முன்னமே அவனை நேசித்தவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்காக. கூடவே, இந்தத் துக்கத்தைத் தனியே சுமக்காமல், பேசாமல் உடனிருக்கத் தெரிந்த ஒருவரை உங்கள் ஆயரிடம் கேட்டுப்பெறுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலி நான். காலையில் வீடு திரும்பி ஜெபிக்க உட்கார்ந்தால், "பிதாவே" என்று சொல்வதற்குள் தூங்கிவிடுகிறேன். தேவனுக்கு மீதி நேரத்தைக் கொடுக்கிறேனே என்று குற்றவுணர்வாக இருக்கிறது.
– ஒரு சகோதரி, சென்னை

பதில்: தூங்குங்கள் சகோதரி. இரவெல்லாம் நோயாளிகளின் அருகில் விழித்திருந்துவிட்டு வருகிறவருடைய களைப்பைத் தேவன் அறியாதவர் அல்லர். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் என்று கத்தோலிக்கர்கள் அன்போடு அழைக்கும் லிசியே நகரத்துக் கன்னியர், 1897இல் இருபத்துநான்கு வயதில் காசநோயால் இறந்தவர், மடத்தின் ஜெபவேளைகளில் பல ஆண்டுகளாகத் தாம் தூங்கிப்போனதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். குழந்தைகள் விழித்திருக்கும்போது பெற்றோருக்கு எவ்வளவு பிரியமோ, தூங்கும்போதும் அவ்வளவு பிரியம் என்பதை நினைத்து அவர் ஆறுதலடைந்தார். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127ஆம் சங்கீதமும் சொல்லுகிறது. ஒரு யோசனை: ஜெபத்தை வீட்டுக்கு வந்தபின் என்று ஒத்திவைக்காமல், ஒவ்வொரு படுக்கையாக நாடி பார்க்கும்போது அந்த நோயாளியின் பெயரை மனத்துக்குள் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பணிமுடிவில் உங்கள் பெயரையும் சொல்லிவிட்டுப் படுக்கப் போங்கள்.

கேள்வி: ஐயா, நான் குடிக்கு அடிமை. ஒவ்வொரு ஆண்டும் உபவாசக் கூட்டங்களில் அழுது ஒப்புக்கொடுக்கிறேன், சில வாரங்களில் மறுபடியும் விழுகிறேன். மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மறுபடியும் அதே மன்னிப்பை எந்த முகத்தோடு கேட்பது? தேவனுடைய அன்பு நிபந்தனையற்றது என்கிறீர்கள். அது என்னைப் போன்றவனுக்கும் பொருந்துமா?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தம்பி, உங்களைப் போன்றவருக்குப் பொருந்தாது என்றால் அதை நிபந்தனையற்றது என்று யாரும் சொல்லக்கூடாது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்" என்று ரோமருக்கு எழுதின நிருபம் சொல்லுகிறது. திருந்தியபின் என்றோ, திருந்துவோம் என்று உறுதி தெரிந்தபின் என்றோ சொல்லவில்லை.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். இயேசுவை அறியேன் என்று அவன் மறுதலிக்குமுன்பே, விழப்போகிறான் என்று தெரிந்தே, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு அவனிடம் சொல்லியிருந்தார். அப்படியானால் நீங்கள் அடுத்தமுறை ஜெபிக்கத் தொடங்கும்போது அந்த ஜெபம் உங்களிடமிருந்து தொடங்குவதில்லை. உங்களுக்காக ஏற்கெனவே செய்யப்பட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஜெபத்துக்குள் நீங்கள் நுழைகிறீர்கள். உயிர்த்தெழுந்தபின் திபேரியா கடற்கரையில் அதே பேதுருவைச் சந்தித்தபோது, ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்பதே முதல் அழைப்பு. "நீ என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பிட்டபின்புதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி, கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் பந்தி என்று நாம் பிரசங்கித்துப் பழகிவிட்டோம் என்பது என் வருத்தம்.

எந்த முகத்தோடு என்று கேட்டீர்கள். இயேசு சொன்ன உவமையில், வரி வசூலிக்கிற ஆயக்காரன் தன் கண்களையும் வானத்துக்கு ஏறெடுக்கத் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான். முகத்தைக் காட்டவே இல்லை. அவன்தான் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான். குடித்துவிட்டு வந்த இரவிலும் இந்த ஒரு வரியை நீங்கள் சொல்லலாம். குடி தெளிந்த காலை வரைக்கும், மனம் திடப்படும் வரைக்கும், அடுத்த உபவாசக் கூட்டம் வரைக்கும் அதைத் தள்ளிவைக்காதீர்கள். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருக்கிறார்" என்று யோவான் எழுதினதை உங்கள் கைபேசியிலோ சுவரிலோ எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு கடினமான இரண்டு காரியங்களையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் உங்களை நேசிப்பவனாக இருக்கமாட்டேன். குடிநோய் ஒப்புக்கொடுத்தலால் மட்டும் தீர்ந்துவிடவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உடலையும் மூளையையும் பிடித்திருக்கிற நோய். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகக்கூடும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கட்டணமின்றித் தமிழிலும் நடக்கின்றன. தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்வதில்தான் அவர்களுடைய முதல் படியும் தொடங்குகிறது. இரண்டாவது, தேவன் மன்னித்துவிட்டார் என்பதைக் காட்டி உங்கள் மனைவி உடனே திரும்பிவரவேண்டுமென்று வற்புறுத்தாதீர்கள். சகேயு இரட்சிப்பைப் பெற்ற அன்றே, தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். அது அன்பைப் பெறுவதற்குக் கொடுத்த விலை அன்று, அன்பைப் பெற்றதால் பிறந்த துணிவு. மனைவியின் நம்பிக்கை திரும்ப நாட்களாகும். அந்த நாட்களிலும் நீங்கள் நேசிக்கப்படுகிறவர்தான்.

கேள்வி: என் தகப்பனார் சபையில் மதிக்கப்பட்டவர், வீட்டில் அம்மாவையும் என்னையும் அடிப்பார். இன்று நான் தனியே வேலை பார்த்து வாழ்கிறேன். ஆனால் ஆராதனையில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று எல்லோரும் சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இது பாவமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை, சகோதரி. அடிபட்ட இடம் வலிக்கிறது. வலி பாவம் ஆகாது.

உங்கள் தகப்பனாருடைய முகத்தைப் பெரிதாக்கி வானத்தில் வைத்ததுபோலத் தேவன் இருப்பார் என்று மனம் அஞ்சுகிறது. அப்படி ஒரு தேவனை இயேசு நமக்குக் காட்டவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அறிவதும் அச்சம் நீங்குவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. அதுவரைக்கும் அந்த ஒரு பெயரால் மட்டுமே அவரை அழைக்கவேண்டும் என்று வேதம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்று ஏசாயா 49ஆம் அதிகாரத்திலும், "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று 66ஆம் அதிகாரத்திலும் தேவனே தம்மைத் தாயாகப் பேசுகிறார். எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவர், தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டிச்சேர்க்கும் கோழியாகச் சொல்லிக்கொண்டார். சங்கீதக்காரர்கள் அவரை மேய்ப்பர், கன்மலை, கோட்டை, நிழல் என்று அழைத்தார்கள். தன் எஜமானியின் கொடுமையால் வனாந்தரத்துக்கு ஓடிப்போன ஆகார், தன்னோடு பேசின கர்த்தருக்குத் தானே ஒரு பெயரிட்டாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." அடிமைப்பெண் ஒருத்தி இட்ட பெயரை வேதம் பத்திரமாக வைத்திருக்கிறது. சபையில் மதிக்கப்பட்டவர் வீட்டுக்குள் என்ன செய்தார் என்பதைக் கண்டவர் அவர். உங்களுக்கு ஏற்ற பெயர் இதுவாகவே இருக்கலாம்.

27ஆம் சங்கீதத்தில், "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று ஒரு வசனம் உண்டு. தகப்பன் கைவிடக்கூடும் என்று வேதமே ஒப்புக்கொள்கிறது, அதை மூடிமறைக்கவில்லை. உங்கள் சபையார் மட்டும் ஏன் மூடவேண்டும்? ஆண்டவருடைய ஜெபத்தைச் சபை சொல்லும்போது நீங்கள் மௌனமாக நின்றாலும், சுற்றிலும் இருப்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். "எங்கள்" என்று அந்த ஜெபம் பன்மையில் இருப்பதில் உங்களுக்கும் இடமிருக்கிறது. தகப்பனாரை மன்னித்தாயிற்றா என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் தேவனுடையது அன்று என்று அறிந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மா இன்னும் அந்த வீட்டில் இருந்தால், அவருக்காக ஜெபிப்பதோடு, 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு மனச்சோர்வு நோய் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "ஜெபிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரை எதற்கு" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள். மனநல மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது உங்கள் மகளுக்குத் தீங்கு விளைவிக்கும்.

கர்மேல் மலையில் அக்கினியை இறக்கின எலியா, அதற்கடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்டான். ஜெபத்தில் அவனை மிஞ்சியவர்கள் யார்? அப்படிப்பட்டவனுக்கும் அந்த இருள் வந்தது. தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் செய்தார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வந்தது. உடலைத் தேற்றுவதும் தேவனுடைய அன்பின் செயலே என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் எனக்குத் தெரியாது. எசேக்கியா ராஜா ஜெபித்தான், கண்ணீர்விட்டான், கேட்கப்பட்டது. அவன் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னவனும் அதே ஏசாயா தீர்க்கதரிசிதான். லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். வேலூரில் 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று எவ்வளவு பெரிய மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது என்பதை உங்கள் உறவினர்களும் அறிந்திருப்பார்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் நினைத்திருந்தால் அது எழும்பியிருக்காது.

மகளோடு ஜெபிக்கும்போது, "இவளைச் சுகமாக்கும்" என்று அவள் காதுபடத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சுகமானால்தான் தன்னை ஏற்றுக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளை எண்ணிவிடக்கூடும். "அநாதி சிநேகத்தால் உன்னைச் சிநேகித்தேன்" என்ற எரேமியாவின் வசனத்தைச் சொல்லி, இன்றிருக்கிறபடியே அவளுக்காக நன்றி செலுத்துங்கள். அவள் எப்போதாவது வாழவே விருப்பமில்லை என்று பேசினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணாகிய 14416இல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

கேள்வி: வாலிபர் முகாம்களில் என் நண்பர்கள் ஜெபிக்கும்போது அழுகிறார்கள், தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. என்மேல் அவருக்குப் பிரியமில்லையோ?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: உணர்வு வருவது ஒரு ஈவு, வராதது ஒரு தீர்ப்பு அன்று. கல்கத்தாவின் அன்னை தெரேசா மறைந்து பத்தாண்டுகளுக்குப்பின், 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் ஜெபத்தில் இருளையும் வெறுமையையுமே அனுபவித்தார் என்று தெரிந்து உலகம் வியந்தது. அவர் ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை, சாகும் தறுவாயில் இருந்தவர்களைத் தூக்கிவருவதையும் நிறுத்தவில்லை. "நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்து" என்று யோவான் அன்பின் தொடக்கத்தை அவரிடத்தில் வைக்கிறார். நம் நெஞ்சின் சூட்டில் வைக்கவில்லை. சொந்த வார்த்தை வறண்ட காலத்தில் சங்கீதங்களைக் கடன் வாங்குங்கள். ஆங்கிலிக்கன் வழிவந்த நம் சபைகளின் பழைய ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாட்களுக்குக் காலையும் மாலையுமாகப் பிரித்துவைத்திருந்தது. அந்த முறை கடினமாயிருந்தால் நாளுக்கு ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஒன்றும் தோன்றாத நாளிலும் வாசியுங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டு மிஷன் பள்ளியில் ஆசிரியராகவும், ஞாயிறு பள்ளித் தலைவராகவும், கீர்த்தனைக் குழுவிலும் இருந்தவன். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறேன். மருமகள் என்னைத் தூக்கி உட்காரவைத்துச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போகிறேன். ஆண்டவருக்கு இனி என்னால் ஒரு பயனும் இல்லை. சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் ஜெபிக்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லை

பதில்: ஐயா, உங்கள் ஜெபத்தை நான் குறைசொல்லமாட்டேன், எலியாவும் அப்படித்தான் ஜெபித்தார். ஆனால் "பயன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள்.

யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறின இயேசுவைக் குறித்து, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து உண்டானபோது, அவர் இன்னும் ஒரு பிரசங்கம் செய்திருக்கவில்லை, ஒரு நோயாளியைக் குணமாக்கியிருக்கவில்லை. பிரியம் முதலில் வந்தது, ஊழியம் பின்னால் வந்தது. ஊழியம் நின்றபின்பும் பிரியம் நிற்கும். சிலுவையில் அவர் பக்கத்தில் தொங்கின கள்ளனுக்குக் கைகால்கள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. திரும்பச் செலுத்தவோ, சபைக்கு உழைக்கவோ அவனுக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. "அடியேனை நினைத்தருளும்" என்று மட்டும் கேட்டான்.

உங்கள் மாவட்டத்திலேயே, டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக ஓடியாடி உழைத்தவர், 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து காயமடைந்தார். 1951இல் மறையும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே அடைபட்டுக் கிடந்தார். அந்த நாட்களில் அவர் பல புத்தகங்களை எழுதினார் என்பதைச் சொல்லி நம்மைப்போன்றவர்களை ஊக்குவிப்பது வழக்கம். நான் அதற்காக அவரை உங்களுக்குச் சொல்லவில்லை. எழுதாமலே கிடந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் அம்மாவாகவே இருந்திருப்பார். தம் கல்லறைமேல் கல் வைக்கவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியை வைத்து, அதில் "அம்மா" என்ற பெயரை மட்டுமே பொறித்தார்கள்.

மருமகள் உங்களைத் தூக்கும்போது கூனிக்குறுகுவதாக எழுதியிருக்கிறீர்கள். பேதுருவும், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றான். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று ஆண்டவர் பதில் சொன்னார். வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகியவர்களுக்கு, கைம்மாறின்றிப் பெற்றுக்கொள்வது கடைசியாகக் கற்கவேண்டிய கடினமான பாடம். அதை உங்களுக்கு இப்போது கற்றுத்தருகிறவர் உங்கள் மருமகள். "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன், இனிமேலும் நான் ஏந்துவேன், நான் சுமப்பேன்" என்று ஏசாயா 46ஆம் அதிகாரத்தில் சொன்னவர், நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படிப்பட்ட கைகளாலேயே சுமக்கிறார்.

எடுத்துக்கொள்ளும் என்ற ஜெபத்தோடு, தாங்கும் என்ற ஜெபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே திருவிருந்து பெறவேண்டுமென்று ஆயருக்குச் சொல்லி அனுப்புங்கள். மருமகளையும் உடன் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கீர்த்தனைக் குழுவில் இருந்தவராகையால் ஒரு கேள்வி: மாலையில் உங்கள் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது, குரல் நடுங்கினாலும் பரவாயில்லை என்று ஒரு கீர்த்தனையைத் தொடங்கிப் பார்த்தீர்களா? அவர்கள் கேட்டு வளரட்டும்.